கதை கேட்டால்தான் கறி

எழுதத் தெரியாத ஒருத்தி எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். இஞ்சி பூண்டு அரைத்துப் பொட்டலம் போட்டு விற்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் என் பேரைக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்தாளர் ஒருவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆனால் நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரே எழுத்தாளர் அவர்தான். வேறு யாரும் அவரைப் பற்றி எழுதப் போவதாகத் தெரியவில்லை. அவரை எழுத்தாளர் என்று ஒப்புக்கொண்டவர்களைவிட அவரிடம் அடி வாங்கியவர்கள்தான் இந்த ஊரில் அதிகம்.

அவர் பேரை இதில் போட வேண்டாம் என்று அவருடைய அக்கா கேட்டுக்கொண்டார். அதனால் போடவில்லை. பேர் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே அலைந்த மனிதரைப் பேர் இல்லாமல் எழுதுவது சங்கடமாகத்தான் இருக்கிறது.

பேகம்பூரைத் தாண்டி மெயின் ரோட்டில் இருந்த ஒரு கறிக்கடையில் அவர் கறி வெட்டினார். கடை அவருடைய அக்கா வீட்டுக்காரருடையது. கல்லாவில் மச்சான், கட்டையில் இவர். கடை வாசலில் பலகை போட்டு நான். கறி வாங்கியவர்கள் அப்படியே என்னிடம் இஞ்சி பூண்டும் புதினாவும் வாங்கிக்கொண்டு போவார்கள். என் வீட்டுக்காரர் ஆட்டுத்தோல் வாங்கிப் பதனிடுகிற தோல் ஷாப்பில் வேலை பார்த்ததால் அந்தக் கடை ஆட்களுக்கு எங்களைத் தெரியும். இவர் என்னைத் தங்கச்சி என்பார். நான் அண்ணே என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கடையில் கறி வாங்க வேண்டும் என்றால் கதை கேட்க வேண்டும். இது எழுதாத சட்டம். வரிசை சேர்ந்ததும் கத்தியைத் தீட்டிக்கொண்டே ஆரம்பிப்பார். எழுதியதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வாய் ஒரு பக்கம் சொல்ல, கை ஒரு பக்கம் வெட்டும். முக்கியமான இடம் வந்தால் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிடுவார். கதை முடிகிறவரை தராசில் ஒரு துண்டுகூட ஏறாது.

"கேட்டவுகளுக்கு நெஞ்செலும்பு. கேக்காதவனுக்கு சவ்வு," என்பார்.

மச்சான் வாங்கி வருவது நல்ல வெள்ளாடு என்பதால் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். கதைகள் முழுக்க வெட்டும் குத்தும்தான். ஒரு கதையில் பஸ்ஸை விட்டு இறங்கியவனை அவன் தம்பியே வெட்டுவான். இன்னொன்றில் கிணற்றுக்குள் இருந்து கை மட்டும் மேலே வரும். ஒரு பெரியவர் கேட்டார்: "ஏப்பா, உன் கதையில ஒருத்தனாச்சும் சீக்கு வந்து சாக மாட்டானா?"

"சீக்குல சாகுறவனப் பத்தி டாக்டர் எழுதுவாரு. அவரு கடையில போயி வாங்குங்க."

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கதை விஷயத்தில் அவருக்கு விளையாட்டே கிடையாது.

ஒருமுறை பேன்ட் சட்டை போட்ட ஒருவர், கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். இவர் கதையை நிறுத்தினார். கை நீட்டி அந்தப் போனை வாங்கினார். அந்த மனிதரும் யாருக்கோ அவசரமாகப் பேசக் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். இவர் அதைக் கறிக்கட்டை மேல் வைத்து ஒரே போடு போட்டார். கண்ணாடிச் சில் என் பலகை வரை தெறித்தது. அந்த மனிதர் பாய்ந்து வந்து இவருடைய சட்டையைப் பிடிக்க, இவர் நெற்றியால் அவருடைய மூக்கில் முட்டினார். குபுகுபுவென்று ரத்தம். எல்லாரும் அலறினோம். அடுத்து இவர் செய்ததுதான் எனக்கு மறக்காது. குடத்தில் தண்ணீர் மொண்டு அந்த மனிதரின் முகத்தைத் தானே கழுவி, மூக்கில் ஈரத்துணி வைத்து, ஸ்டூலில் உட்காரவைத்து, விட்ட இடத்திலிருந்து கதையைச் சொல்லி முடித்தார். அவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"எப்படி இருக்கு கதை?"

"நல்லா இருக்குங்க," என்றார் அந்த மனிதர். வேறு என்ன சொல்வார்?

அவரிடம் எனக்குப் பயம்தான். ஆனால் மத்தியான நேரத்தில் கடை ஓய்ந்ததும், கை கால் கழுவிவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் போனில் எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டிருப்பார். அப்போது பார்த்தால் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி இருக்கும். நாக்கு நுனி வெளியே வந்திருக்கும்.

"கதைக்காரன் பேரு ஊருக்குத் தெரியிறதுக்கு என்ன வழி, சொல்லு தங்கச்சி," என்று என்னையே கேட்பார். எனக்கென்ன தெரியும். அவரே ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்த்தார். பத்திரிகைகளுக்கு அனுப்பினார். மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் தேர்வாகவில்லை என்று வைத்துக்கொள்ளவும் என்று ஒரு பத்திரிகையில் போட்டிருந்தது. "பொண்ணு பாக்க வந்தவன்கூட பிடிக்கலைன்னா ஆள் விட்டுச் சொல்லுவான். இவனுக யாரு, நாமளா வச்சுக்கிறணுமாம்ல," என்று அந்த ஆபீசுக்குப் போன் போட்டார். தினமும் போட்டார். அவர் நம்பரை அவர்கள் தடுத்துவிட்டார்கள். என் போனை வாங்கிப் பேசினார். என் நம்பரும் போயிற்று. சிறுகதைப் போட்டி என்று எங்கே பார்த்தாலும் அனுப்புவார். முடிவு வருகிற அன்று கடையில் கத்திச் சத்தத்தை வைத்தே என்ன ஆயிற்று என்று சொல்லிவிடலாம். புத்தகமாகப் போட்டுத் தருகிறேன் என்று வந்த ஒருவரை, கதையைப் படிக்காமலே "அருமை" என்று சொன்னதற்காகக் கழுத்தைப் பிடித்து ரோடு வரை தள்ளிக்கொண்டு போனார்.

மாதம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுகிற இலக்கிய வட்டத்துக்கும் போனார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பையில் கதை. அங்கே ஒருவர் வாசித்தால் மற்றவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். இவர் வாசித்து முடித்ததும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்து, கதையில் ரத்தம்தான் இருக்கிறது, மனிதர்கள் இல்லை என்றாராம். இவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வீசினார். அது வாத்தியார் மேல் படவில்லை. குறுக்கே வந்த செயலாளர் முகத்தில் பட்டுக் கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. அடுத்த ஞாயிறு நல்ல தொடைக்கறியாக எடுத்துப் பொட்டலம் கட்டி, என்னிடம் இஞ்சி பூண்டும் வாங்கி, செயலாளர் வீட்டுக்குப் போனார்.

திரும்பி வந்ததும், "வாங்குனாரா அண்ணே?" என்று கேட்டேன்.

"கறிய வாங்கிக்கிட்டாரு. கதைய வாங்கல."

ஆனாலும் செயலாளர் நல்லவர். வட்டத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் இவரைச் சேர்த்துவிட்டார். நேரில் மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவு கை நீளுகிற மனிதர் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் கை நீட்டியதில்லை. மச்சான் கல்லாவில் இருந்தபடியே, "ஏலே கதை, அந்த ஈரல எடுறா," என்பார். லேட்டானால் எழுந்து வந்து எல்லார் முன்னாலும் காதைப் பிடித்துத் திருகுவார். ஈரக் கையால் பிடரியில் அடிப்பார். இவர் தலையைக் குனிந்துகொண்டு ஈரலை எடுப்பார். யாராவது வெளியாள் அப்படி ஒரு விரல் வைத்திருந்தால் அந்த விரல் இருந்திருக்காது. எனக்கு அது புரியவே இல்லை. அக்கா வீட்டு மாடியில் தங்கி அக்கா கையால் சாப்பிடுகிறவர், அதனால் பொறுத்துப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அக்கா மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டுவருவார். அதிகம் பேச மாட்டார். எந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான். போகும்போது என்னிடம் அரைத்த இஞ்சி பூண்டு வாங்கிக்கொண்டு போவார்.

ஒருநாள் நான் கேட்டேன். "வீட்ல மிக்ஸி இல்லையாக்கா?"

"இருக்குத் தாயி. அந்தச் சத்தம் எனக்கு ஆகாது."

தலைவலி போல என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் அண்ணன் என் பலகை ஓரத்தில் உட்கார்ந்து போனை நீட்டினார். "இது கடையில சொல்றதுக்கில்ல. குரூப்புக்கு மட்டும் அனுப்பப் போறேன். நீ மொத படி." அவருடைய கதையில் ஒருவரும் சாகாத கதை அது ஒன்றுதான். ஒரு வீடு. புருஷன் பெண்டாட்டியை அடிப்பதற்கு முன்னால் மிக்ஸியைப் போட்டுவிடுவான். அவள் கத்துவது வெளியே கேட்காது. அக்கம்பக்கத்துக்காரர்கள், 'அந்த வீட்ல எந்நேரமும் சட்னிதான்' என்று கேலி பேசுவார்கள். கடைசியில் அவள் ஒருநாள் வெறும் ஜாரை மாட்டி மிக்ஸியைப் போட்டுவிட்டு, புகை வந்து அது கருகுகிறவரை பக்கத்திலேயே நிற்பாள். அத்தோடு கதை முடிந்தது.

படித்து முடித்துவிட்டு நான் அக்கா கொண்டுவந்து வைத்த தூக்குவாளியைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மச்சான் படிக்க மாட்டாரா?" என்று மட்டும் கேட்டேன்.

"அவரு தராசத் தவிர எதையும் படிக்க மாட்டாரு."

கதைக்கு அடியில் தன் பேரைப் போட்டு, பேர் மட்டும் போதாது, தேடி வருகிறவர்களுக்கு இடம் தெரிய வேண்டும் என்று கடைப் பேரையும் தெருவையும் போன் நம்பரையும் போட்டு அனுப்பினார்.

இரண்டு வாரம் போயிருக்கும். கீரனூரில் இருக்கிற என் நாத்தனார் எனக்கு ஒரு கதை அனுப்பியிருந்தாள். மேலே 'படித்ததில் பிடித்தது' என்று இருந்தது. இவருடைய கதை. அடியில் கும்பிடுகிற கைப் படம் மட்டும். பேர் இல்லை. அவரிடம் காட்டினேன். முதலில் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த ஆட்டு வியாபாரி போனிலும் இருந்தது. பழனியில் லாட்ஜ் வைத்திருப்பவர் போனிலும் இருந்தது. யாரோ ஒரு பெண் அதை அழுதுகொண்டே வாசித்து ஆடியோவாக விட்டிருந்தாள். எதிலும் பேர் இல்லை. சந்தோஷம் வடிந்துபோய்க் கோபம் ஏறியது. அனுப்பியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "உனக்கு யாரு அனுப்புனா? பேர வெட்டுனவன் எவன்?" என்று கேட்டார். எல்லாரும் தங்களுக்கு இப்படித்தான் வந்தது என்றார்கள். அந்த வாரம் கடை ஷட்டரில் அவர் குத்திய குத்தில் தகரம் உள்ளே போயிருந்தது. கை வீங்கி, இடது கையால் கறி வெட்டினார்.

"ஒரு ஊரே என் கதையப் படிக்குது தங்கச்சி. என்னய ஒருத்தனுக்கும் தெரியல. இதுக்கு யாருமே படிக்காம இருந்தப்ப நல்லாருந்தேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். ஒரு ஸ்கூல் டீச்சர் வரிசையில் நின்றார். வழக்கமாக அவர் வீட்டுக்காரர்தான் வருவார். அன்று அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று டீச்சரே வந்திருந்தார். கடை வழக்கம் டீச்சருக்குத் தெரியாது. அண்ணன் கத்தியைத் தீட்டிக் கதையை ஆரம்பித்ததும் முகத்தைச் சுளித்தார்.

"காலங்காத்தால இதென்னங்க வெட்டுக் குத்துக் கதை. எங்க குரூப்புல ஒரு கதை வந்துச்சு, அது கதை," என்று பக்கத்துப் பெண்ணிடம் மிக்ஸிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

வரிசை முழுக்க அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. "ஆமா, எனக்கும் வந்துச்சு," என்று இரண்டு மூன்று பெண்கள் சொன்னார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் கதை சொல்லி அந்த வரிசை இவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை. அண்ணன் கத்தியைப் பிடித்த பிடியில் அப்படியே நின்றிருந்தார். தன் கதையைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். கல்லாவில் மச்சான் பல் குத்துவதை நிறுத்தியிருந்தார்.

டீச்சர் முடித்ததும் அண்ணன் கேட்டார். "எழுதுனது யாருன்னு போட்டிருந்துச்சா டீச்சர்?"

"பேரெல்லாம் கவனிக்கலைங்க. எனக்கு வந்தப்ப அடியில ஏதோ கறிக்கடை விளம்பரம் இருந்துச்சு. கடைப் பேரு, தெரு, போன் நம்பரு. இம்புட்டு நல்ல கதைக்குக் கீழ கறிக்கடையான்னு அத அழிச்சிட்டுத்தான் எல்லாருக்கும் அனுப்புனேன்."

"அது விளம்பரம் இல்ல டீச்சர். அது நாந்தான்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் வரிசை சிரித்தது. பைக்கில் உட்கார்ந்திருந்த ஒருத்தர், "கதை விடாதண்ணே. நீ எழுதியிருந்தா மிக்ஸிக்குள்ள ஆளப் போட்டுல்ல அரைச்சிருப்ப," என்றார். இன்னும் சிரித்தார்கள். டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நெசமா நாந்தான்."

"சரி, நீதான்னு வச்சுக்குவோம்," என்றார் பைக்காரர். "அப்ப அந்த மிக்ஸி வீடு எதுன்னு சொல்லு பாப்போம்."

"ஏலே," என்றார் மச்சான். குரல் தாழ்ந்து வந்தது. "வாய மூடிட்டுக் கறிய வெட்டு."

அண்ணன் கையிலிருந்த கத்தியைத் தண்ணீர் வாளிக்குள் போட்டார். அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"எங்க அக்கா வீடு. நான் மாடியில இருக்கேன். கீழ மிக்ஸி ஓடும்."

பிளாஸ்டிக் பைகள் பறக்காமல் இருக்க மச்சான் கல்லா மேல் ஒரு பழைய எடைக்கல் வைத்திருப்பார். அதை எடுத்துக்கொண்டு வந்து அண்ணன் நெற்றியில் அடித்தார். தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். அண்ணன் கட்டையில் சாய்ந்தார். ஆட்டு ரத்தத்தோடு அவர் ரத்தமும் கட்டையில் ஓடியது. எழுந்து நின்றார். இப்போது மச்சான் செத்தார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அண்ணன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அடிங்க மச்சான். இங்க மிக்ஸி இல்ல. எல்லாருக்கும் கேக்கட்டும்."

மச்சான் அடித்தார். காதில், தாடையில், தோளில். அண்ணன் கையை அவிழ்க்கவே இல்லை. ஒரு பல் என் புதினாக் கட்டுமேல் வந்து விழுந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் செத்த நேரம் சிலை மாதிரி நின்றார்கள். நான் எழுந்து கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. அதன் பிறகுதான் ஆண்கள் பாய்ந்து மச்சானைப் பிடித்தார்கள். பைக்காரர் மச்சானைக் கீழே தள்ளி மிதித்தார். கேலி பேசியதற்கு அது பரிகாரம் என்று நினைத்தாரோ என்னவோ, மற்றவர்கள் இழுத்தும் அவர் விடவில்லை.

ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டீச்சர் தன் துப்பட்டாவை அண்ணன் தலையில் அழுத்திப் பிடித்திருந்தார். அவர் ஒரு கண்ணைத் திறந்து, "டீச்சர், இப்பப் பேரப் போட்டு அனுப்புவீங்களா?" என்றார். டீச்சர் அழுதுகொண்டே தலையாட்டினார். எனக்கு அந்த நேரத்தில் அண்ணன்மேல் இரக்கமும் வந்தது, அருவருப்பும் வந்தது. அக்காவுக்காகச் சொன்னாரா, பேருக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சேதி கேட்டு அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அண்ணனுக்குத் தையல் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். பக்கத்தில் வந்து நின்றவர், அடிபடாத கன்னமாகப் பார்த்து ஓங்கி ஒரு அறை விட்டார். நர்ஸ் ஓடிவந்தாள்.

"என்னயக் கேட்டியாடா? ஊரக் கூட்டிச் சொல்லுறதுக்கு முன்னாடி என்னய ஒரு வார்த்த கேட்டியா?"

அவர் வீங்கிய முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா கட்டில் காலடியில் உட்கார்ந்துகொண்டார். என்னிடம்தான் பேசினார். "மச்சான் மேல கைய வச்சா நான் மருந்தக் குடிச்சிருவேன்னு இவன்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தேன் தாயி. கைய வைக்கல. அந்த மட்டுக்கும் சொன்ன சொல்லுல நின்னுட்டான்." பிறகு முழுக்கை ரவிக்கையை ஒரு பக்கம் முழங்கைக்கு மேலே சுருட்டி எனக்குக் காட்டினார். நான் அதை இங்கே எழுதவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. அக்காவும் டீச்சரும் நானும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். அக்காவுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. டீச்சர் போனில் அந்தக் கதையை எடுத்துக் காட்டினார். அங்கிருந்த போலீஸ்காரம்மா இரண்டு வரி பார்த்துவிட்டு, "இது எனக்கும் வந்துச்சே. யாரு எழுதுனது?" என்றார். அக்கா, "எந்தம்பி," என்று சொல்லி, அப்பா பேரோடு சேர்த்து அவர் பேரைச் சொன்னார். போலீஸ்காரம்மா, "நல்லா எழுதியிருக்காரு. ஆனா இது கதைம்மா. புகார் மனுவா எழுதிக் குடுங்க," என்று ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார். பக்கத்தில் இருந்து பார்த்தது நீங்கள்தான் என்று டீச்சர் பேனாவை என்னிடம் நீட்டினார். நான்தான் எழுதினேன். அக்கா கையெழுத்துப் போட்டார். மனுவை வாங்கிக்கொண்டதற்கு ரசீது கொடுத்தார்கள். அன்று கடை திறக்கவில்லை.